தண்ணீர் படாத ஜார்

1. கவுண்டருக்கு வந்த மிக்ஸி

கோபத்தோடு வருகிற வாடிக்கையாளரைச் சமாளித்துவிடலாம். பயத்தோடு வருகிறவரிடம் நம் சாமர்த்தியம் எதுவும் செல்லாது. அன்று காலை ஆறுமுகம் சார் இரண்டோடும் வந்தார். கையில் ஒரு வயர்கூடை, அதற்குள் எங்கள் கடையில் வாங்கிய மிக்ஸி.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அம்பாசமுத்திரம் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடையில் நான் மெக்கானிக். முன்பக்கம் எவர்சில்வரும் பித்தளையும். பின்பக்கம் மிக்ஸி, கிரைண்டர், குக்கர். விற்பது முதலாளி அண்ணாச்சியின் வேலை. விற்றது மக்கர் செய்தால் பார்ப்பது என் வேலை. கடைக்கு வந்தவர் வெறுங்கையோடு திரும்பிப் போனால் அண்ணாச்சிக்கு அன்று சோறு இறங்காது. அதே மாதிரி, விற்ற சாமான் திரும்பி வந்தாலும் இறங்காது.

"இத எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. எங்க வீட்ல இனி இது வேண்டாம்" என்றார் சார். அவர் பள்ளிக்கூட வாத்தியார். அதிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி உடனே வியாபாரக் குரலுக்கு மாறிவிட்டார். "என்ன சார், ஓடலையா? கணேசன் பாப்பான். ஏலே கணேசா, சாருக்கு என்னன்னு பாரு."

"நல்லாத்தான் ஓடுது. பிள்ளைக்குத்தான் முடியல. நேத்துலேர்ந்து ஆஸ்பத்திரில கெடக்கு, டிரிப் ஏறுது."

மிக்ஸிக்கும் பிள்ளையின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் இருவருக்கும் விளங்கவில்லை. சாரை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, பையப் பையக் கேட்டோம்.

பெண் குழந்தை, வள்ளி என்று பெயர். ஆறு மாதம் முடிந்து கட்டி ஆகாரம் ஆரம்பித்திருந்தார்கள். சாரின் மனைவி சங்கரிக்குப் பழங்களின் மேல் நல்ல நம்பிக்கை. எங்கள் பக்கம் ஏத்தம்பழம் என்று சொல்லுகிற நேந்திரம்பழம், பப்பாளி, சப்போட்டா என்று மாற்றி மாற்றி மிக்ஸியின் சின்ன ஜாரில் அடித்து ஊட்டியிருக்கிறார். பிள்ளையும் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறது. ஆனால் அடிக்கடி வயிற்றுப்போக்கு. நிற்கும், திரும்ப வரும். எடை ஏறவே இல்லை. இந்தத் தடவை கண் குழிந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் போய்விட்டது.

குழந்தை டாக்டரம்மா சங்கரியை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். பழத்தைத் தோல் சீவுவதற்கு முன்னால் கழுவுகிறாயா? கழுவுகிறேன். கையைச் சோப்புப் போட்டா? சோப்புப் போட்டுத்தான். விதை, நரம்பு எடுக்கிறாயா? எடுக்கிறேன். கிண்ணம், ஸ்பூன்? கொதிக்கிற வெந்நீரில் போட்டு எடுக்கிறேன். தண்ணீர் சேர்த்தால்? கொதித்து ஆறிய தண்ணீர்தான். எல்லாவற்றுக்கும் சரியான பதில். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டுக் கடைசியாகக் கேட்ட கேள்விதான் சாரைக் கடைக்கு அனுப்பியது.

"அந்த ஜாரைக் கழட்டிப் பாத்திருக்கீயளான்னு கேட்டாவ. அது கழட்டுத சாமானா அண்ணாச்சி? எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஸ்பானரை எடுத்தேன்.

2. வாஷருக்கு அடியில்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகளுக்கு இதைச் சொல்ல வேண்டும். மிக்ஸி ஜார் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். சங்கரி வீட்டு ஜார் அன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. மூக்கை உள்ளே விட்டாலும் ஒன்றும் தெரியவில்லை.

அடியில் மோட்டாரோடு பொருந்துகிற கப்ளரைப் பிடித்துக்கொண்டு மேலே நட்டைத் தளர்த்தி பிளேடை வெளியே எடுத்தேன். அதற்குக் கீழே ஒரு ரப்பர் வாஷர். ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அதை நெம்பியதுதான் தாமதம், கடையே நாறியது. தேங்காய், கொத்தமல்லி, ஏத்தம்பழம் எல்லாம் சேர்ந்து புளித்து, கறுப்பாகக் களிம்பு மாதிரி அப்பியிருந்தது. ஒவ்வொரு தடவை ஜார் ஓடும்போதும் அதில் கொஞ்சம் மேலே ஏறி, புதிதாக அரைக்கிற பழத்தோடு கலந்திருக்கும்.

சார் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"தெனமும் அவ துடைக்கா அண்ணாச்சி" என்றார். "வெள்ளைத் துணிய வெந்நீர்ல முக்கிப் பிழிஞ்சு, உள்ளயும் வெளியயும் துடைக்கா. அந்தத் துணிக்குன்னு தனியா ஒரு ஆணியே அடிச்சு வச்சிருக்கா."

"துடைச்சா எப்படி சார் போவும்? தண்ணி ஊத்திக் கழுவணும்லா?" என்றேன் நான். யோசிக்காமல் வந்த பேச்சு.

"கழுவப்படாதுல்லா. நீங்கதான சொன்னீய, தண்ணி படப்படாதுன்னு."

சார் சொன்னது யாருடைய வாக்கியம் என்று எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்.

அண்ணாச்சி மிக்ஸி விற்பதை ஒரு கூத்து என்றே சொல்லலாம். தோளில் துண்டைத் தட்டிப் போட்டுக்கொண்டு, பொட்டுக்கடலையையும் தேங்காயையும் ஜாரில் போட்டு, சட்னி அரைத்து, வந்தவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து நக்கச் சொல்லுவார். பெண்கள் சிரித்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குரலை இறக்கி, "ஒரே ஒரு காரியம் தாயி. தண்ணி மட்டும் படப்படாது. கரண்டுல்லா" என்பார். அதோடு டெமோ முடிந்தது.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. முன்பு ஒரு வீட்டில் மிக்ஸியை ஆட்டுரல் மாதிரி நினைத்துக்கொண்டு மோட்டாரின் மேலேயே ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக் கழுவினார்கள். உள்ளே சுற்றுகிற ஆர்மேச்சர் புகைந்தது. அந்த வீட்டு அம்மா ஷாக் அடித்து அடுப்படியில் போய் விழுந்தார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி அந்த வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டார். அவர் சொன்னது மோட்டாரை. எது மோட்டார், எது ஜார் என்று பிரித்துச் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் கரண்டில் ஓடுகிற சாமான் அடுப்படிக்குள் வருவதே பல வீடுகளுக்குப் புதிது. அரைப்பதற்கு உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர் விட்டாலும், அடிப்பக்கம் நனைந்துவிடும் என்று பயந்து கழுவாமல், சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள்.

வேறு முதலாளியாக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். பிறகு நான் வேலை பார்த்த இடங்களில் கேட்டிருக்கிறேன். 'பெட்டிக்குள்ள புக் குடுத்தோமே, படிக்கலையா' என்பார்கள். அண்ணாச்சி அந்த வாஷரைத் தன் விரலால் தொட்டு முகர்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"கணேசா, அந்த ஜார அப்படியே எடு. கழுவாத. சார், நடங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அங்கன எதுக்கு அண்ணாச்சி?"

"நான் வந்து சொல்ல வேண்டிய காரியம் ஒண்ணு இருக்கு."

பகல் வியாபார நேரத்தில் அண்ணாச்சி கடையை விட்டு இறங்கி அன்றுதான் பார்த்தேன்.

3. அண்ணாச்சி சொன்னது

போகிற வழியில்தான் சார் மிச்சத்தைச் சொன்னார். பிள்ளைக்குப் பழம் கொடுத்ததே தப்பு என்று வீட்டில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. பச்சைக் குழந்தைக்குப் பழமா, குளிர்ச்சி, ஒத்துக்கொள்ளாது என்று ஆள் மாற்றி ஆள் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய அக்கா கோமதி பக்கத்து ஊர் கடையத்திலிருந்து வந்து கூட இருக்கிறார். தம்பி மகள் மேல் உயிர். அந்தப் பயத்தில் எல்லாவற்றையும் சங்கரியின் தலையில் போட்டுவிட்டார். "உன் கைப்பழக்கம் சரியில்ல. பிள்ளைய எங்கிட்ட குடு, நான் கடையத்துக்குக் கொண்டுபோயி கஞ்சி குடுத்துத் தேத்துதேன்" என்று முடிவே செய்துவிட்டாராம்.

ஆஸ்பத்திரி அறையில் சங்கரி கட்டிலில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். டிரிப் ஏறுகிற சின்னக் கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். அண்ணாச்சி உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். பக்கத்து ஸ்டூலில் கோமதி மதினி. அந்த நேரத்தில் டாக்டரம்மாவும் ரவுண்ட்ஸ் வந்தார்.

நான் ஜாரை நீட்டினேன். டாக்டரம்மா வாங்கி, வாஷரைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, சங்கரியிடம் காட்டினார். சங்கரி ஒரு தடவைதான் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அப்ப நான்தான் பிள்ளைக்கு இதக் குடுத்திருக்கேன்" என்றார்.

"பாத்தியா, நான் சொன்னேம்லா" என்றார் கோமதி மதினி.

அண்ணாச்சி ஒரு அடி முன்னால் வந்தார். கடையில் கூத்துக் கட்டுகிற குரல் இல்லை அது. "நீங்க கொஞ்சம் பொறுங்க தாயி. சங்கரிப் பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. ஜார்ல தண்ணி படாம அது பாத்துக்கிட்டது நான் சொன்னதுனால. தண்ணி படப்படாதுன்னு சொன்னேன், எதுலன்னு சொல்லல. அது அச்சுப்பிசகாம நான் சொன்னபடி செஞ்சிருக்கு. யார ஏசணும்னாலும் என்னைய ஏசுங்க."

மதினி ஏச வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். கடைவீதியில் நாலு பேர் மதிக்கிற ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் ஏச வரும்? எனக்கு என் முதலாளி மேல் அதுவரை இருந்தது மரியாதை. அன்றிலிருந்து அது பாசமாகிவிட்டது.

டாக்டரம்மா நிதானமாகப் பேசினார். "இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கிருமி வளர இதவிட நல்ல எடம் வேண்டாம். பழத்து மேல பழி போடாதீங்க. பழம் நல்லது. அம்மாவும் நல்லாத்தான் செஞ்சிருக்காங்க."

பிறகு சங்கரியிடம் விவரமாகச் சொன்னார். நானும் காது கொடுத்துக் கேட்டேன். பின்னால் எனக்குப் பிள்ளைகள் பிறந்தபோது அந்தப் பேச்சுதான் கைகொடுத்தது. இந்த வயதில் பிள்ளைக்கு மிக்ஸியே தேவையில்லை. நன்றாகக் கனிந்த பழத்தைக் கழுவி, தோலுரித்து, சுத்தமான கிண்ணத்தில் ஸ்பூனால் மசித்தால் போதும். ஏத்தம்பழமானால் தோலோடு ஆவியில் வேகவைத்து, நடுவில் இருக்கிற கறுப்பு விதைநரம்பை எடுத்துவிட்டு மசிக்க வேண்டும். ஆப்பிள் மாதிரிக் கட்டியான பழத்தை வேகவைக்காமல் கொடுக்கக் கூடாது. சப்போட்டா விதை ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. திராட்சையை முழுதாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் அடைத்துவிடும். இனிப்புக்காகத் தேன் சேர்ப்பது ஒரு வயது முடிகிறவரை வேண்டாம். அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் செய்ய வேண்டும், வாய் பட்ட மிச்சத்தை எடுத்து வைத்து மறுபடி ஊட்டக் கூடாது. புதுப் பழம் என்றால் ஒவ்வொன்றாகக் கொடுத்து, சில நாள் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து அடுத்ததுக்குப் போக வேண்டும்.

சங்கரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஆனால் அவர் கண் ஜாரை விட்டு நகரவில்லை.

4. வீடு வீடாக

மறுநாள் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "சைக்கிள எடு லே. நாம மிக்ஸி வித்த வீடெல்லாம் போ. ஜாரக் கழட்டு, கழுவிக் காட்டு. துட்டு வாங்காத" என்றார். எந்தத் தெருவில் யார் வாங்கினார்கள் என்று எல்லாம் அவர் வாயிலேயே இருந்தது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் வரைக்கும் ஆற்றுப் பாலத்தைத் தாண்டித் தாண்டி மிதித்தேன்.

எல்லாரும் கும்பிட்டு வரவேற்றார்கள் என்று நினைக்காதீர்கள். "உங்க அண்ணாச்சிக்கு யாவாரம் படுத்துட்டோ, இப்படி ஊரச் சுத்துதீரு?" என்று கேட்டார் ஒருவர். ஒரு அம்மா, வாஷருக்கு அடியில் இருந்ததை நான் சுரண்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுச் சட்னி ருசியே அதுலதான் இருந்திருக்கும் போல. களவாண்டுட்டுப் போறீரே" என்றார். சிரிக்காமல் சொன்னார். இன்னொரு வீட்டில் நான் ஜாரைக் குழாயடியில் பிடித்ததும், வீட்டுக்காரர் ஓடிப் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். ஜார் என் கையில் இருந்தது, மோட்டார் அடுப்படியில் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றமே இருந்தது. அந்த அளவுக்கு அண்ணாச்சியின் வாக்கு வேலை செய்திருக்கிறது.

எல்லா வீட்டு ஜாரும் சங்கரி வீட்டு ஜார் மாதிரித்தான். ஆனால் எல்லாரும் அவரைப் போலத் துணியை வெந்நீரில் முக்கித் துடைத்தவர்கள் இல்லை.

சாரின் வீட்டை மட்டும் நான் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன். குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரியும். ஒருநாள் சாரே கடைக்கு வந்தார். "பிள்ள நல்லா இருக்கு. இவதான் சரியில்ல. பழத்தத் தொட மாட்டேங்கா. வெறும் கஞ்சிதான் குடுக்கா. அக்கா வேற பிள்ளையக் கொண்டுபோவணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. இவளும் சரின்னுட்டா" என்றார்.

அண்ணாச்சி சுத்தம் செய்து வைத்திருந்த மிக்ஸியை எடுத்து என்னிடம் நீட்டினார். "இன்னைக்கே போ."

5. குழாயடியில்

சங்கரி மிக்ஸியைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். "அத உள்ள கொண்டாராதீங்க தம்பி. இந்த வீட்ல அதுக்கு வேலை இல்ல."

உள்ளே கோமதி மதினியின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. குழந்தையின் துணிமூட்டையும் அதன் பக்கத்தில் இருந்தது. எனக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பேசத் தெரிந்தவர் அண்ணாச்சி, அவர் கடையில் இருக்கிறார். எனக்குக் கழற்றத்தான் தெரியும். அதனால் முற்றத்துக் குழாயடியில் உட்கார்ந்து, ஜாரைக் கழற்ற ஆரம்பித்தேன். கப்ளர், நட், பிளேடு, வாஷர் என்று வரிசையாகத் தரையில் ஒரு துணியை விரித்து வைத்தேன்.

"அக்கா, நான் கழுவப் போறதில்ல. நீங்களே கழுவுங்க" என்றேன் சங்கரியிடம்.

அவர் துணியில் கிடந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வந்து குத்தவைத்து உட்கார்ந்தார். ஜாரைக் கையில் எடுத்தார். குழாயைத் திறந்து, முகத்தை ஒருபக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜாரைத் தண்ணீரில் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கண்ணைத் திறந்தார். தண்ணீர் ஜாரை நிரப்பி வழிந்தது. இன்னொரு கண்ணையும் திறந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

"இவ்வளவுதான். ஊறப் போடாதீங்க, கழுவிக் கவுத்திருங்க."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். வாஷரைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிளேடைத் தேய்த்தார். எல்லாம் முடித்து வெயிலில் கவிழ்த்து வைத்துவிட்டு, அந்த ஜாரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனார். இட்லிச் சட்டியில் ஆவி வருகிற சத்தம் கேட்டது.

வெந்து ஆறிய ஏத்தம்பழத்தைப் பிளந்து, ஸ்பூன் முனையால் நரம்பை எடுத்து, கிண்ணத்தில் மசித்துக்கொண்டு வந்தார். கோமதி மதினி குழந்தையை மடியில் வைத்திருந்தார். தடுக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முற்றத்தில் காய்கிற ஜாரைப் பார்த்தார், சங்கரியின் ஈரக் கையைப் பார்த்தார். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டார்.

முதல் ஸ்பூனுக்கு வள்ளி மூஞ்சியைச் சுளித்தது. சங்கரியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தப் பிள்ளை, அடுத்தது எங்கே என்று வாயைத் திறந்தது. ஸ்பூன் வரத் தாமதமாவதைப் பொறுக்காமல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது.

"பழம்னா இவளுக்குப் பிடிக்குது போல" என்றார் மதினி. அன்று மாலை அவர் மட்டும்தான் கடையம் பஸ் ஏறினார். ஏறுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, எங்க வீட்டு ஜாரயும் ஒரு நா வந்து பாத்திரும்" என்றார். பார்த்தேன். அதைப் பற்றி எழுதாமல் இருப்பதுதான் அவருக்கு நான் செய்கிற மரியாதை.

நான் கிளம்பும்போது சங்கரி வாசல் வரை வந்தார். "அண்ணாச்சிகிட்ட சொல்லுங்க தம்பி. ஊரே என்னையத்தான் சொல்லிச்சு. அவிய சொன்னபடிதான் நான் செஞ்சேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னது அவிய ஒருத்தர்தான். அந்த ஒரு சொல்லாலதான் என் பிள்ள எங்கிட்ட இருக்கு."

கடைக்கு வந்து அப்படியே சொன்னேன். அண்ணாச்சி எழுந்துபோய் அடுக்கி வைத்த சொம்புகளை மறுபடி அடுக்கினார்.

அதன்பிறகு அவருடைய டெமோவின் முடிவு மாறிவிட்டது. இன்று எனக்கும் சொந்தக் கடை இருக்கிறது. சட்னி அரைத்துக் காட்டி, உள்ளங்கையில் வைத்து நக்கச் சொல்லி, கடைசியில் நானும் அவர் செய்ததைத்தான் செய்கிறேன். வாங்கியவர் கண் முன்னாலேயே புது ஜாரைக் குழாயடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறேன். "ஐயோ, தண்ணி படலாமா" என்று யாராவது பதறுவார்கள். "இதுல படணும். மோட்டார்லதான் படப்படாது" என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுவேன். வேலையில் நான் கற்ற பாடம் அவ்வளவுதான்: பாதி சொன்னால், நல்ல மனுஷி அதையும் முழுசாகச் செய்துவிடுவாள்.